காற்று நின்றால் நாற்றம்தான்: ஏரோபிக் செப்டிக் டேங்க் கேள்வி பதில்

பாதாளச் சாக்கடை வந்து சேராத மதுரைப் புறநகரில் புளோயர் என்கிற பம்ப் மூலம் காற்றடிக்கிற செப்டிக் டேங்க் (ஏரோபிக் டேங்க்) வைத்திருப்பவர்கள் கேட்டவை இவை. இந்த டேங்கைப் பொருத்துவதும் பராமரிப்பதும்தான் என் பிழைப்பு, அதனால் பதில் கொஞ்சம் கறாராகவே இருக்கும்.

அண்ணே, புளோயர் நாள் முழுக்க ஓடுது. ராத்திரி மட்டும் நிறுத்தினா கரண்ட் மிச்சமாகுமே? (ஊமச்சிகுளம்)

வேண்டாம் தம்பி. கழிவைத் தின்கிற நுண்ணுயிர்கள் காற்றை நம்பி இருப்பவை. தினம் ராத்திரி காற்றை நிறுத்தினால் அவை நலிந்துபோய், காற்றில்லாமல் பிழைக்கிற வேறொரு கூட்டம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அது விடுகிற ஹைட்ரஜன் சல்பைடுதான் அழுகிய முட்டை நாற்றம். 60 வாட் புளோயர் 24 மணி நேரம் ஓடினாலும் ஒன்றரை யூனிட்கூட ஆகாது. உங்கள் டேங்குக்கு கம்பெனியே டைமர் வைத்துக் கொடுத்திருந்தால் அது வேறு, அதில் கை வைக்காதீர்கள். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு ஒரு பகல் கரண்டை நிறுத்துவதால் ஒன்றும் ஆகாது. ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் போகிறார்கள் பாருங்கள், அதுதான் வினை.

மூணு நாளா நாத்தம் தாங்கல. மெக்கானிக்கைக் கூப்பிடறதுக்கு முன்னாடி நானே எதைப் பார்க்கலாம் சார்? (ஒத்தக்கடை)

முதலில் புளோயர் மேல் கையை வையுங்கள். லேசாக அதிர வேண்டும். அதிர்வே இல்லையென்றால் கரண்ட், ஃபியூஸ் பாருங்கள். ஓடுகிறது, ஆனால் குழாயைக் கழற்றிப் பிடித்தால் காற்று சோனியாக வருகிறது என்றால் உள்ளே டயாபிரம் என்கிற ரப்பர் சவ்வு கிழிந்திருக்கும், அது தனியாகவே விலைக்குக் கிடைக்கும், முழு புளோயரையும் மாற்றச் சொன்னால் யோசியுங்கள். காற்று நன்றாக வருகிறது, குழாயை மாட்டினதும் புளோயர் சூடாகிறது, சத்தம் மாறுகிறது என்றால் டேங்குக்கு அடியில் காற்றைக் குமிழியாக்குகிற டிஃப்யூசர் அடைத்திருக்கிறது. இதற்கெல்லாம் முன்னால் புளோயர் மூடிக்குக் கீழே இருக்கிற ஸ்பாஞ்சு பில்டரைக் கழற்றித் தட்டுங்கள். உங்கள் பக்கத் தூசிக்கு மாதம் ஒரு தடவை கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டினால்தான் சரி.

அப்புறம் ஒரு சோதனை. காற்றடிக்கிற அறையில் குமிழி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கம்பில் கட்டின கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் மொண்டு, அரை மணி நேரம் ஆடாமல் வையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், டேங்க் மூடியின் துவாரத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். காப்பித்தூள் நிறத்தில் மண்டி அடியில் தங்கி, மேலே தண்ணீர் தெளிந்து, மண் வாசனை மாதிரி அடித்தால் டேங்க் ஆரோக்கியமாக இருக்கிறது. கறுப்பாக இருந்தால் காற்று போதவில்லை. மண்டி பாதி பாட்டிலைத் தாண்டினால் கழிவு உறிஞ்சுகிற லாரியைக் கூப்பிடுகிற நேரம் வந்துவிட்டது.

மாசம் ஒரு வாளி சாணி கரைச்சு ஊத்தச் சொல்றாங்களே? (மேலூர்)

தேவையில்லை. அதிலிருக்கிற நார்தான் மண்டியாகச் சேரும். காற்று ஓடினால் நுண்ணுயிர் தானாகப் பெருகும், புது டேங்கில் அதற்கு ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகலாம், அதுவரை நுரை வந்தாலும் பயப்படாதீர்கள்.

பாத்ரூம் கழுவ ஆசிட் ஊத்தலாமா தம்பி? (திருநகர்)

ஆசிட் வேண்டாம் அம்மா. டாய்லெட் கிளீனர் கொஞ்சமாகப் போட்டுப் பிரஷால் தேய்த்தால் தாங்கிக்கொள்ளும், ஒரே நாளில் பாட்டில் பாட்டிலாகக் கவிழ்த்தால் தாங்காது. கறிக்குழம்பு எண்ணெய், நாப்கின், ஈரத்துடைப்பான் எதுவும் போகக் கூடாது. போர் தண்ணீர் உப்பு என்று சாஃப்ட்னர் (கடின நீரை மென்மையாக்குகிற கருவி) வைத்திருந்தால் அதைக் கழுவிவிடுகிற உப்புத் தண்ணீரையும் வேறு பக்கம் திருப்பிவிடுங்கள்.

எங்க ஊரு கரிசல். வெளியே வர்ற தண்ணி இறங்கவே மாட்டேங்குது. (திருமங்கலம் பக்கம்)

கரிசலில் உறிஞ்சு குழி நம்பிப் பிரயோஜனமில்லை, மழைக்காலத்தில் மண்ணே ஊறி அடைத்துக்கொள்ளும். குளோரின் போட்டுத் தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சுங்கள். கீரை, கொத்தமல்லிக்கு வேண்டாம். குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். குளோரின் மாத்திரை வாங்கும்போது கால்சியம் ஹைப்போகுளோரைட்தானா என்று பாருங்கள். நீச்சல்குளத்து மாத்திரை பெரும்பாலும் வேறு ரசாயனம், இரண்டும் ஈரத்தில் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

லாரிக்காரர் ஆளை உள்ளே இறக்கி வழிச்சா சுத்தமா இருக்கும்னு சொல்றார். (சிலைமான்)

அந்த லாரியைத் திருப்பி அனுப்புங்கள். உள்ளே விஷவாயு இருக்கும், மூச்சு இழுக்கிற நேரத்தில் ஆள் போய்விடுவார், தூக்கப் போகிறவரும் போய்விடுவார். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்கினால் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்கிற 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் தடவையே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குழாய் விட்டு உறிஞ்சினால் போதும். சொட்டு விடாமல் வழிக்கவும் கூடாது, காற்றடிக்கிற அறையில் கொஞ்சம் மண்டி மிச்சம் இருந்தால்தான் நுண்ணுயிர் மறுபடி சீக்கிரம் பெருகும். உறிஞ்சின கையோடு தண்ணீர் நிரப்பிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது காலி ஃபைபர் டேங்க் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே மிதந்து வந்துவிடும்.

சித்திரைத் திருவிழாவுக்கு வீட்ல இருபது பேர் தங்குவாங்க. தாங்குமா அண்ணே? (ஆனையூர்)

நாலைந்து பேருக்குப் போட்ட டேங்க் என்றால் ரெண்டு நாள் சமாளிக்கும். திணறுவது தண்ணீர் மொத்தமாகப் பாய்வதால்தான், அதனால் வாஷிங் மெஷினை அவர்கள் கிளம்பின பிறகு, ஒரு நாளைக்கு ஒரு தடவையாகப் போடுங்கள்.