லௌகவேகூர் நடை: நீங்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

ஐஸ்லாந்தின் தெற்கு மேட்டுநிலத்தில் லாண்ட்மன்னாலௌகரில் தொடங்கி தோர்ஸ்மோர்க்கில் முடிகிற லௌகவேகூர் என்ற எரிமலைப் பாதையை ஐந்து முறை நடந்திருக்கிறேன். முதல் முறை தனியாக, மற்ற நான்கும் வழிகாட்டியோடு. சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்தன, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, மொத்தம் எவ்வளவு தூரம், எத்தனை நாள்? பெயரைப் போட்டுத் தேடினால் ஏதோ கடைத்தெரு படமாக வருகிறது.

அது தலைநகர் ரெய்க்யாவிக்கின் பெரிய கடைத்தெரு, தம்பி. இரண்டுக்கும் ஒரே பெயர், "வெந்நீர் ஊற்றுக்குப் போகிற வழி" என்று பொருள். நடைபாதை சுமார் 55 கி.மீ., வழக்கமாக நான்கு நாள். முதல் நாள் 12 கி.மீ. ஏறி ஹ்ராப்ன்டின்னுஸ்கெர் குடில், இரண்டாம் நாள் 12 கி.மீ. இறங்கி ஆல்ப்தவாத்ன் ஏரி, மூன்றாம் நாள் கறுப்பு மணல்வெளி வழியாக எம்ஸ்த்ரூர், நான்காம் நாள் பிர்ச் மரக்காட்டுக்குள் இறங்கி தோர்ஸ்மோர்க். கடைசி இரண்டு நாளும் 15, 16 கி.மீ. வரும். தெற்கிலிருந்து வடக்காகவும் நடக்கிறார்கள், ஆனால் அப்படிப் போனால் ஏற்றம் அதிகம். தோர்ஸ்மோர்க் தாழ்வாகவும் லாண்ட்மன்னாலௌகர் உயரத்திலும் இருப்பதால் வடக்கிலிருந்து இறங்கி வருவதுதான் சுலபம்.

கேள்வி: எந்த மாதம் நல்லது? ஜூன் தொடக்கத்தில் லீவு கிடைக்கிறது.

ஜூன் தொடக்கம் வேண்டாம். குடில்கள் ஜூன் கடைசி வாக்கில் திறந்து செப்டம்பர் நடுவில் மூடுவார்கள், மேட்டுநிலச் சாலை எப்போது திறக்கும் என்பது பனி உருகுவதைப் பொறுத்தது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் இரவே இருட்டாது, கண்ணை மூடிக்கட்ட ஒரு துணி எடுத்துப் போங்கள்.

கேள்வி: பாதை நெடுகக் குறிக்கம்பு நட்டிருக்கிறார்களாம், ஜிபிஎஸ்ஸும் இருக்கிறது. வழிகாட்டிக்கு ஏன் தண்டமாகக் காசு கொடுக்க வேண்டும்?

இதே கேள்வியை நானும் கேட்டுக்கொண்டுதான் முதல் முறை தனியாகப் போனேன். லாண்ட்மன்னாலௌகரில் வெயில். மூன்று மணி நேரம் ஏறியதும் மேகம் இறங்கிவிட்டது. ஒரு கம்பின் பக்கத்தில் நின்றால் அடுத்த கம்பு தெரியவில்லை, தரையும் பனி, வானமும் பனி நிறம், எது மேடு எது பள்ளம் என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஜிபிஎஸ் வேலை செய்தது, ஆனால் கையுறையைக் கழற்றிக் கழற்றிப் போனைப் பார்த்ததில் விரல்கள் மரத்துப்போய், கடைசியில் பையின் பக்கிளைக்கூடத் திறக்க முடியவில்லை. குடில் போய்ச் சேர்ந்தேன், சரி. ஆனால் அதற்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் ஒரு கற்குவியல் இருக்கிறது. 2004 ஜூன் கடைசியில் அந்த இடத்தில் பனிப்புயலில் மாட்டி இறந்துபோன 25 வயது இளைஞர் ஒருவரின் நினைவாக வைத்தது. அதன் முன்னால் நின்றபோது, காலையில் கிளம்பும்போதே "இன்றைக்கு மேலே போகலாமா" என்று யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

வழிகாட்டியின் வேலை பாதை காட்டுவது இல்லை. எப்போது கிளம்புவது, எப்போது காத்திருப்பது, எந்த இடத்தில் ஆற்றில் இறங்குவது, யார் முகம் வெளிறுகிறது என்று பார்ப்பது, இதற்குத்தான் அவர். மூன்றாவது முறை போனபோது எங்கள் வழிகாட்டி காலை ஏழு மணிக்கு வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, காற்று தணியும்வரை யாரும் கிளம்ப வேண்டாம் என்றார். குழுவில் ஒருவருக்கு சரியான கோபம், பணம் கட்டிவிட்டு உள்ளே உட்காரவா வந்தோம் என்று கத்தினார். மதியம் ஒரு மணிக்குக் காற்று இறங்கியது, கிளம்பினோம், இரவு எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வெளிச்சம் இருந்ததால் ஒன்றும் குறைந்துபோகவில்லை. தனியாக நடக்கிற அனுபவமும் பழக்கமும் உள்ளவர்கள் தாராளமாகத் தனியாகப் போகலாம், ஆனால் பனியிலும் ஆற்றிலும் பழக்கம் இல்லாதவர்களுக்கு வழிகாட்டியோடு போவதைத்தான் நான் சொல்வேன்.

கேள்வி: ஆற்றைக் கடப்பதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. பாலமே கிடையாதா?

சில ஆறுகளுக்கு நடைபாலம் உண்டு. பாலம் இல்லாமல் இறங்கிக் கடக்க வேண்டியவற்றில் ஆல்ப்தவாத்னுக்கு அப்புறம் வருகிற பிராட்ஹால்ஸ்க்விஸ்ல், ஹ்வான்கில் குடிலைத் தாண்டி வருகிற ப்ளாஃப்யட்லாக்விஸ்ல், கடைசி நாளில் த்ரோங்கா, இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் முழங்கால் அளவு. நல்ல மழை பெய்தால் தொடை வரை வரும்.

ப்ளாஃப்யட்லாக்விஸ்லைச் சொல்கிறேன், அதுதான் அகலம். கரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, கயிற்றை முடிந்து, பையின் மேல் கட்டிக்கொள்ள வேண்டும். காலுக்கு பழைய ஓட்டக் காலணி அல்லது பின்பட்டை உள்ள செருப்பு. வெறுங்காலோடு இறங்காதீர்கள், அடியில் கல் உருளும், குளிரில் கால் மரத்தபின் எதை மிதிக்கிறோம் என்றே தெரியாது. பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிட வேண்டும், விழுந்தால் பையை உதறிவிட்டு எழ வேண்டுமே. கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால் தலை சுற்றும், எதிர்க்கரையில் ஒரு கல்லைப் பார்த்துக்கொண்டே நடங்கள். நீர் வருகிற திசைக்கு உடம்பைத் திருப்பி, பக்கவாட்டில், ஒரு கால் ஊன்றிய பிறகு அடுத்த கால். முதல் பத்து விநாடி சுளீரென்று எலும்புவரை வலிக்கும், அப்புறம் வலி போய்விடும், உணர்வும் போய்விடும். குழுவாக இருந்தால் கைகோத்து வரிசையாகப் போகலாம், வழிகாட்டி பலமான ஆளை மேல்நீர்ப் பக்கம் நிறுத்துவார்.

புதிதாக வருபவர்கள் ஒடுங்கின இடத்தைப் பார்த்து, சீக்கிரம் கடந்துவிடலாம் என்று அங்கே இறங்கப் பார்க்கிறார்கள். ஒடுங்கின இடத்தில்தான் ஆழமும் வேகமும். ஆறு பல கிளையாகப் பிரிந்து பரந்து ஓடுகிற இடம்தான் சரி. பனிப்பாளம் உருகி வருகிற ஆறாக இருந்தால் காலையில் குறைவாகவும் வெயில் ஏறியபின் மதியம் தாண்டி அதிகமாகவும் ஓடும். ஜீப் கடக்கிற தடத்தை நம்பி இறங்காதீர்கள், அது சக்கரத்துக்குப் பார்த்த இடம். கரையில் நின்று வழிகாட்டி வேண்டாம் என்று சொன்னால் வாதாடாதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: எனக்கு 58 வயது, மூட்டு கொஞ்சம் தகராறு. முடியுமா?

முடியும் ஐயா, என்னோடு நடந்தவர்களில் அறுபதைத் தாண்டியவர்கள் இருந்திருக்கிறார்கள். உங்களுக்கு ஏற்றம் பிரச்சினை இல்லை, இரண்டாம் நாள் ஆல்ப்தவாத்ன் ஏரியை நோக்கி இறங்குகிற யோகுல்துங்குர் சரிவுதான் பிரச்சினை. செங்குத்து, உதிரி மண், மழையில் வழுக்கும். இரண்டு கைத்தடியும் கட்டாயம். மூட்டு மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிட்டு, இரண்டு மாதம் முன்னாலேயே முதுகில் சுமையோடு படி ஏறி இறங்கிப் பழகுங்கள், முக்கியமாக இறங்குவதை. பெட்டியை வண்டியில் அடுத்த குடிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற சுற்றுலா ஏற்பாடுகள் நிறைய உண்டு, உங்களுக்கு அதுதான் ஏற்றது. ஒன்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: பருவத் தொடக்கத்தில் பனி இருந்தால் ஹ்ராப்ன்டின்னுஸ்கெர் வரை வண்டி ஏற முடியாமல் போகலாம், அந்த ஒரு இரவுக்கானதை நாமே சுமக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: குடில் என்றால் ஹோட்டல் மாதிரியா? நான் தனியாக வருகிற பெண், அதனால் கேட்கிறேன்.

இல்லை சகோதரி. 1927-இல் தொடங்கிய ஃபெர்தாஃபேலாக் இஸ்லாண்ட்ஸ் என்ற பயணச் சங்கம்தான் பாதையிலுள்ள பெரும்பாலான குடில்களை நடத்துகிறது. நீளமான மேடைகளில் மெத்தை வரிசையாகப் போட்டிருக்கும், ஆண் பெண் எல்லோரும் ஒரே அறையில்தான், பக்கத்து மெத்தையில் முன்பின் தெரியாதவர் படுத்திருப்பார். வழிகாட்டியிடம் முன்னாலேயே சொன்னால் சுவர் ஓரமோ பெண்கள் பக்கமோ இடம் பார்த்துக் கொடுப்பார். ஸ்லீப்பிங் பேக் நாம்தான் கொண்டுபோக வேண்டும். சமையலறையில் கேஸ் அடுப்பும் பாத்திரமும் இருக்கும். பூட்ஸ் வாசலோடு சரி, உள்ளே சாக்ஸோடுதான். குளிக்க சில குடில்களில் தனிக் கட்டணம், ஹ்ராப்ன்டின்னுஸ்கெரில் குளியலே கிடையாது. கழிவறை வெளியே, நடுராத்திரி போக வேண்டுமென்றால் ஜாக்கெட் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். இரண்டு குடிலுக்கு நடுவில் கழிவறையும் இல்லை, மறைவும் இல்லை. மூடி ஒட்டுகிற பை இரண்டு வைத்திருங்கள், காகிதமோ நாப்கினோ எதுவும் அங்கே புதைக்காமல் திரும்ப எடுத்து வர. போன் சார்ஜ் செய்ய பவர்பேங்க்தான்.

ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தக் குடிலுக்குள் நுழைகிறபோது அடிக்கிற வாசனை இருக்கிறதே, ஈரக் கம்பளியும் சூப்பும் காயப்போட்ட சாக்ஸும் கலந்தது, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: சைவத்துக்கு வழி உண்டா?

உண்டு. பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள், வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆட்டுக்கறியோ மீனோ சமைப்பார்கள். மதிய உணவுக்குத் தட்டை ரொட்டியும் வெண்ணெயும் சீஸும் கிடைக்கும். ஸ்கிர் என்று தயிர் மாதிரி ஒன்று தருவார்கள், பழைய முறையில் அதை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கிற ரென்னெட்டைச் சேர்ப்பார்கள், உங்களுக்கு அது ஆகாது என்றால் டப்பாவைப் படித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

கேள்வி: படங்களில் மலை மஞ்சள், சிவப்பு, பச்சையாக இருக்கிறது. நிஜமா, எடிட் செய்ததா?

நிஜம்தான்! அது ரயோலைட் பாறை, சிலிக்கா நிறைந்த எரிமலைக்குழம்பு உறைந்தது. கீழிருந்து சூடான நீரும் ஆவியும் பல ஆயிரம் ஆண்டுகளாக அதை அரித்து வேக வைத்திருக்கின்றன, கந்தகம் மஞ்சளாகவும் இரும்பு துருவேறிச் சிவப்பாகவும் தெரிகிறது. கிளம்பின கொஞ்ச நேரத்திலேயே லௌகஹ்ரௌன் என்ற குழம்புப்படுகைக்குள் பாதை நுழையும், 1477-இல் வெடித்து ஓடியது. குனிந்து பாருங்கள். சாம்பல் நிறச் சொரசொரப்புக் கல்லுக்கு நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாகப் பளபளக்கும், நம் முகம் மங்கலாகத் தெரிகிற அளவு வழவழப்பு. அதுதான் அப்சிடியன், எரிமலைக் கண்ணாடி. ஐஸ்லாந்து மொழியில் ஹ்ராப்ன்டின்னா, அண்டங்காக்கையின் தீக்கல். முதல் குடிலின் பெயரே அதிலிருந்து வந்ததுதான், அதன் சுற்றுவட்டாரத்தில் மலைச்சரிவு முழுக்க இது சிதறிக் கிடக்கும், வெயில் படும்போது மொத்தச் சரிவும் மினுங்கும். ஒரு துண்டுகூட எடுக்காதீர்கள், காப்புப் பகுதி. பாசியிலும் கால் வைக்காதீர்கள், ஒரு முறை பெயர்ந்தால் திரும்ப வளரப் பல பத்து ஆண்டுகள் ஆகும்.

மேலே பனிக்குகைகள் ஏதாவது கண்ணில் பட்டால் உள்ளே போய்ப் படம் எடுக்கிற ஆசையை விட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்தில் பனி இடிந்து விழுந்து ஆள் இறந்திருக்கிறது.

கேள்வி: நடக்கிற நேரத்தில் எரிமலை வெடித்தால்?

செய்தியில் வருகிற ரெய்க்யானெஸ் தீபகற்ப வெடிப்புகள் இந்தப் பாதையிலிருந்து ரொம்பத் தூரம். பக்கத்தில் இருப்பது மிர்தால்ஸ்யோகுல் பனிப்பாளத்துக்கு அடியில் உள்ள கட்லா, அது பெரிதாகக் கடைசியாக வெடித்தது 1918-இல். வானிலைத் துறை இடைவிடாமல் கண்காணிக்கிறது, ஆபத்து என்றால் அந்தப் பகுதியிலிருக்கிற போன்களுக்குக் குறுஞ்செய்தி வரும். கட்லாவில் பயம் குழம்பு இல்லை, பனி உருகி வருகிற பெருவெள்ளம். செய்தி வந்தால் ஆற்றுப்படுகையை விட்டு மேட்டுக்கு ஏற வேண்டும். அவசர எண் 112, அதற்கான செயலியைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. அங்கே மீட்க வருகிறவர்கள் தன்னார்வலர்கள், சொந்த வேலையை விட்டுவிட்டு ஓடி வருகிறவர்கள், அதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: உடுப்பு?

ஜீன்ஸ், பருத்தி பனியன் இரண்டும் வேண்டாம், நனைந்தால் காயாது. உள்ளே மெரினோ கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், மேலே நீர் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும். ஜூலையிலும் குல்லா, கையுறை. குடை காற்றில் ஒரு நிமிடம் தாங்காது.

கேள்வி: தோர்ஸ்மோர்க்கோடு நிறுத்துவதா, தெற்கே ஸ்கோகர் ஊர் வரை போவதா?

கால் சரியாக இருந்தால் போங்கள். ஃபிம்வோர்துஹால்ஸ் கணவாய் வழியாக இன்னும் சுமார் 25 கி.மீ., ஒரே நாளில் நடக்கலாம், அல்லது மேலே ஒரு குடிலில் தங்கலாம். 2010 மார்ச் 20 அன்று அங்கேதான் பிளவு திறந்து குழம்பு கொட்டியது. அடுத்த மாதம் பக்கத்திலிருக்கிற ஏயாஃப்யட்லயோகுல் வெடித்து ஐரோப்பாவின் விமானங்களை நிறுத்தியது. கணவாயில் உண்டான இரண்டு கூம்புகளுக்கு மாக்னி, மோதி என்று பெயர் வைத்தார்கள், பழைய நார்ஸ் புராணத்துத் தோர் கடவுளின் இரண்டு மகன்கள். கீழே தோர்ஸ்மோர்க், தோரின் காடு. என்னைவிட வயதில் இளைய மலை ஒன்றின் மேல் ஏறி நின்றது அங்கே மட்டும்தான். அங்கிருந்து இறங்கும்போது அருவி மேல் அருவியாகக் கூடவே வந்து, கடைசியில் 60 மீட்டர் உயர ஸ்கோகஃபோஸ் அருவியின் தலையில் பாதை முடியும். ஆனால் மேலே 1,000 மீட்டருக்கு மேல் ஏறுகிறது, முதல் நாள் சொன்ன அதே மேகமும் பனியும் இங்கேயும் உண்டு. தோர்ஸ்மோர்க்கில் காலையில் வழிகாட்டியோ குடில் காப்பாளரோ வேண்டாம் என்றால், அங்கிருந்தே பேருந்தைப் பிடித்துவிடுங்கள்.