தோட்டத்துக் கல்லறையும் பழைய ஆலயமும்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையிலிருந்து 40 பேர் எருசலேம் போய் வந்தோம். பல வருஷக் கனவு. கலிலேயாக் கடலில் படகு நின்றபோது எல்லோரும் அழுதுவிட்டோம். ஆனால் பரிசுத்த கல்லறை ஆலயத்தில் எனக்கு ஜெபமே வரவில்லை. இரண்டு மணி நேர வரிசை, தூபப் புகை, தள்ளுமுள்ளு, எங்கு பார்த்தாலும் விளக்குகள். உள்ளே மண்டியிட்டதும் போதும் என்று கையைத் தட்டி வெளியே அனுப்பினார்கள். மறுநாள் தோட்டத்துக் கல்லறைக்குப் போனோம். மரங்கள், அமைதி, பாறையில் வெட்டிய எளிய கல்லறை. சுவிசேஷத்தில் வாசித்தது போலவே இருந்தது. ‘இதுதான் இடம்’ என்று மனது சொன்னது. இயேசுவின் உண்மையான கல்லறை எது? அடுத்த வருஷம் என் அம்மா போகிறார்கள். 72 வயது, முழங்கால் வலி உண்டு. அந்த ஆலயத்தை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு மட்டும் போகச் சொல்லலாமா?

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள சகோதரி,

தோட்டத்தில் உங்களுக்கு ஜெபம் வந்தது உண்மை. அதை யாரும் மறுக்க வேண்டாம். ஆனால் ஜெபம் வந்ததை வைத்து அதுதான் கர்த்தருடைய கல்லறை என்று சொல்ல முடியாது. இடத்தைப் பாறையிடம்தான் கேட்க வேண்டும்.

1867-ல் வெளிப்பட்ட அந்தத் தோட்டக் கல்லறை பெயர் பெற்றது 1883-க்குப் பிறகுதான். ஆங்கிலேயத் தளபதி சார்லஸ் கார்டன் பக்கத்துப் பாறைமுகத்தில் மண்டையோட்டின் சாயலைக் கண்டு, அதுவே இயேசு சிலுவையில் அறையப்பட்ட கொல்கொதா, அதாவது கபாலஸ்தலம் என்று நம்பினார். (சுவிசேஷங்களில் கொல்கொதாவுக்கு ‘மலை’ என்ற சொல்லே கிடையாது. நம் பாட்டுகளில்தான் மலை வருகிறது.) சிக்கல் கல்லறையின் அமைப்பில் இருக்கிறது. அதில் இரண்டு அறைகள் அடுத்தடுத்துப் பக்கவாட்டில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். யூதா ராஜாக்கள் காலத்தில், கி.மு. 8, 7-ஆம் நூற்றாண்டுகளில், வெட்டிய கல்லறைகளின் வடிவம் அது. இயேசுவின் நாட்களை ஒட்டிய ஏரோது காலத்துக் கல்தச்சர்கள் பல் வைத்த உளியால் பாறையைச் சீவினார்கள். சீப்பு இழுத்தது போன்ற கோடுகள் விழும். இங்கே அந்தக் கோடுகள் இல்லை. தொல்லியலாளர் கேப்ரியேல் பர்காய் இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டியிருக்கிறார். யோவான் 19:41 சொல்வது ஒருவனும் வைக்கப்பட்டிராத புதிய கல்லறையை. இதுவோ அப்போதே 600 வருஷத்துக்கு மேல் பழையது.

பழைய ஆலயத்தைப் பற்றி எல்லோரும் முதலில் கேட்பது, அது மதிலுக்கு உள்ளே அல்லவா இருக்கிறது என்றுதான். நியாயமான கேள்வி. நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார் என்று எபிரெயர் 13:12 சொல்கிறது. ஆனால் சிலுவையின் நாளில் அந்த இடம் வெளியேதான் இருந்தது. அப்போஸ்தலர் 12-ல் புழுப்புழுத்து இறக்கிற ஏரோது, அதாவது முதலாம் அகிரிப்பா, கி.பி. 41-க்கும் 44-க்கும் இடையில் வடக்கே புதிய மதில் எழுப்பத் தொடங்கினான். அதனால்தான் அது ஊருக்குள் வந்தது.

இதற்குச் சாட்சி ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான குழுக்கள் பார்க்காமல் போவதும் அதைத்தான். கல்லறையின் மேல் கட்டியிருக்கும் சிறு மண்டபத்தைக் கல்லறைக் கூடாரம் என்பார்கள். அதன் பின்பக்கம் சீரிய சபையாரின் சிறு ஆலயம் ஒன்று உண்டு. புகை படிந்து, பூச்சு உதிர்ந்து, கைவிட்டது போல் இருக்கும். அதன் சுவரில் உள்ள தாழ்வான திறப்பில் குனிந்து நுழைந்து, செல்போன் வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும். பாறைக்குள் நேராகக் குடைந்த பொந்துகள் தெரியும். அகலம் ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதல், ஆழம் ஆள் நீளம். உடலைத் தலை முதலாக உள்ளே தள்ளி மூடிவிடுவார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து எலும்புகளைச் சேர்த்துச் சிறு கல்பெட்டியில் வைப்பார்கள். முதல் நூற்றாண்டு யூத வழக்கம் இது. யூதர்கள் ஊருக்குள் பிணம் புதைப்பதில்லை. ஆகவே அந்தக் காலத்தில் அந்த இடம் ஊருக்கு வெளியே, கல்லறைகள் உள்ள இடமாக இருந்தது.

அதற்கும் முன்னால் அது கல்வெட்டாங்குழி. நல்ல கல்லையெல்லாம் எடுத்துக்கொண்டு, வெடிப்பு ஓடிய ஒரு மேட்டை மட்டும் உதவாது என்று விட்டிருக்கிறார்கள். அதுவே இன்று கொல்கொதா என்று காட்டப்படுகிற பாறை. வீடுகட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல் என்ற வசனத்தை அங்கே நின்று வாசிக்கலாம்.

கி.பி. 135-ஐ ஒட்டி ரோமப் பேரரசன் ஆதிரியான் எருசலேமை ரோமப் பட்டணமாக மாற்றியபோது, இந்த இடத்தின் மேல் மண்ணை நிரப்பிக் கோயில் கட்டினான். அந்த நூற்றாண்டிலேயே சர்தை சபையின் கண்காணி மெலித்தோ, கர்த்தர் எருசலேமின் நடுவிலே கொல்லப்பட்டார் என்று பிரசங்கித்தார். வேதம் புறம்பே என்கிறது, இவர் நடுவிலே என்கிறார். தம் காலத்தில் சபையார் காட்டிய இடம் ஊர் நடுவில் இருந்ததால்தான் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன். கிறிஸ்தவத்தை ஆதரித்த ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைனின் ஆட்கள் 326-ஐ ஒட்டித் தோண்ட வந்தபோது, மதிலுக்கு வெளியே வெற்றிடம் தாராளமாகக் கிடந்தது. கதை கட்ட நினைத்தவர்கள் அங்கே கட்டியிருப்பார்கள். ஊர் மையத்தில் நின்ற பெரிய கோயிலை இடித்து, மண்ணை வாரிக் கொட்டும் வேலையை ஏற்றுக்கொண்டார்கள் என்றால், அந்த இடத்தைப் பற்றிய நினைவு அவ்வளவு உறுதியாக இருந்திருக்கிறது. நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதற்கு நிகரான ஆதாரம் உள்ள இன்னொரு இடம் எருசலேமில் இல்லை.

பிறகு ஏன் அது கல்லறை போலவே இல்லை? கான்ஸ்டன்டைனின் கல்தச்சர்கள் சுற்றியிருந்த மலையைச் செதுக்கி எடுத்துவிட்டு, கல்லறையை மட்டும் தனிப் பாறையாக நிறுத்தினார்கள். 614-ல் பாரசீகர் கொளுத்தினார்கள். 1009-ல் கலீபா அல்-ஹாக்கிம் பாறையையே உடைக்கச் சொன்னான். 1808-ல் மீண்டும் தீ. இன்றைய கூடாரம் 1810-ல் கட்டியது. நீங்கள் மண்டியிட்டது பளிங்குப் பலகைக்கு முன்னால். பாறை அதற்கு அடியில் இருக்கிறது. 2016 அக்டோபரில் பழுதுபார்ப்பின்போது அந்தப் பலகையை 60 மணி நேரம் திறந்து வைத்தார்கள். உள்ளே சுண்ணாம்புக்கல் படுக்கை இருந்தது. கீழ்ப் பலகையின் சாந்து ஏறத்தாழ கி.பி. 345 என்று சோதனையில் வந்தது. கான்ஸ்டன்டைன் காலத்துக் கணக்கோடு அது பொருந்துகிறது.

விளக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லறைக்குள் தொங்குபவை 43. கிரேக்கருக்கு 13, லத்தீன் சபைக்கு 13, அர்மேனியருக்கு 13, கோப்தியருக்கு 4. ஒவ்வொரு படிக்கும், பூசை நேரத்துக்கும் இப்படி உரிமை பிரித்திருக்கிறது. எளிமையில் வளர்ந்த நம் கண்ணுக்கு அது உறுத்தும். 1700 வருஷமாக விட்டுக்கொடுக்காமல் காத்தவர்களின் கைத்தடம் அது என்று பார்த்தால் உறுத்தல் குறையும்.

அம்மா கண்டிப்பாகப் போகட்டும். ஆனால் குழுக்கள் செய்கிற தவறைச் செய்ய வேண்டாம். சிங்க வாசலில் தொடங்கி, சிலுவைப் பாதையான வியா டோலோரோசாவின் ஏற்றத்திலும் படியிலும் நடந்து, ஆலயத்துக்குள் போகும்போது மணி பத்தைத் தாண்டிவிடும். முழங்கால் ஓய்ந்திருக்கும், வரிசையும் அப்போதுதான் நீளம். யோப்பா வாசல் வழியாக அதிகாலையிலேயே அழைத்துப் போகச் சொல்லுங்கள். ஆலயக் கதவு காலை 5 மணிக்கே திறந்துவிடும். அந்த நேரத்தில் கல்லறைக்குள் பூசை நடப்பதால் உள்ளே விட மாட்டார்கள். அது முடிவதற்குள் மற்ற இடங்களைப் பார்த்துவிட்டு வரிசையில் முதலில் நிற்கலாம். ஞாயிறு காலை வேண்டாம், வழிபாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும்.

நுழைந்ததும் வலப்பக்கம் கொல்கொதாவுக்கு ஏறும் படி. எண்ணிக்கை குறைவு, ஆனால் செங்குத்து, தேய்ந்து வழுக்கும். அம்மா ஏற வேண்டாம். அதன் நேர் கீழே தரைமட்டத்தில் ஆதாம் சிற்றாலயம் இருக்கிறது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் அதே பாறையும் அதில் ஓடிய வெடிப்பும் தெரியும். மேலே ஏறியவர்களைவிட அங்கே நன்றாகப் பார்க்கலாம். கல்லறைக்குள் போகும் வாசல் தாழ்வு, நன்றாகக் குனிய வேண்டும். உள்ளே நாலு பேருக்குமேல் இடமில்லை. மண்டியிட முடியாவிட்டால் நின்றே ஜெபிக்கலாம். பலகைக்கு எதிர்ச்சுவரில் சிறு சன்னல் போல ஒரு திறப்பு வைத்திருக்கிறார்கள். அதற்குள் தெரிவது பழைய குகையின் பாறை. கிடைக்கும் அரை நிமிஷத்தில் அம்மா அதைப் பார்க்கட்டும்.

அதன் பிறகு தோட்டத்துக்குப் போகலாம். தமஸ்கு வாசலுக்கு வெளியே சற்று வடக்கே, அதே காலைக்குள் போய்விடும் தூரம். கட்டணம் இல்லை. குழுவாக முன்கூட்டியே எழுதிக் கேட்டால், மரநிழலில் திருவிருந்து ஆசரிக்க இடம் ஒதுக்கித் தருவார்கள். உட்கார இருக்கைகள் உண்டு. ஆலயத்தில் பார்த்ததை அசைபோட அதைவிட நல்ல இடம் எருசலேமில் கிடைக்காது.