சிவப்பு அணிக்குப் போன ஹாமில்டன்: வாசகர் கேள்விகள், என் பதில்கள்

கேள்வி: மெர்சிடீஸில் 12 வருடம், ஆறு உலகப் பட்டம். எல்லாம் கொடுத்த அணியை விட்டுவிட்டு ஃபார்முலா 1 ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டன் ஃபெராரிக்குப் போனது நன்றி மறந்த செயல் இல்லையா?
– ஒரு வாசகர், திருச்சி

இல்லை ஐயா. அந்த அணிக்காக அவர் 84 ரேஸ் ஜெயித்துக் கொடுத்திருக்கிறார். யாருக்கு யார் கடன்பட்டிருக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்தால், பாக்கி எதுவும் இல்லை.

நடந்த வரிசையையும் பாருங்கள். 2023 ஆகஸ்டில் அவர் போட்ட ஒப்பந்தம் 2025 வரை என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் 2024 முடிந்ததும் விலகிக்கொள்ள அதிலேயே வழி இருந்தது. அந்த வழியில்தான் போனார், எதையும் உடைத்துக்கொண்டு போகவில்லை. அணித் தலைவர் டோட்டோ வொல்ஃப் வீட்டுக்கே போய், காபி குடித்தபடி நேரில் சொன்னார். மறுநாள், 2024 பிப்ரவரி 1 அன்று, உலகத்துக்கே தெரிந்தது. முடிவைச் சொல்லிவிட்டு மீதி ஒரு வருடமும் அதே அணிக்கு ஓட்டினார். அந்த ஜூலையில் சில்வர்ஸ்டோனில் ஜெயித்து, அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதார். அபுதாபியில் நடந்த கடைசி ரேஸில் 16-வது இடத்தில் கிளம்பி நாலாவதாக வந்தார். மனசு விட்டுப்போனவர் ஓட்டுகிற ஓட்டமா அது?

கேள்வி: பணத்துக்காகத்தான் போனார் என்கிறார்களே?
– ஒரு வாசகி, ஈரோடு

மெர்சிடீஸிலும் அவருக்குச் சம்பளத்தில் குறை இருக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே ஃபெராரியில் ஓட்ட ஆசை என்று அவரே சொன்னதை நான் அப்படியே நம்புகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. ஃபெராரியின் அணித் தலைவர் ஃபிரெட் வாஸர். 2006-ல் ஹாமில்டன், ஃபார்முலா 1-க்கு ஒரு படி கீழே இருந்த ஜிபி2 பந்தயத்தில் பட்டம் வென்றது இவர் நடத்திய ஏஆர்டி அணியில்தான். 21 வயதில் தன்னை நம்பிய மனிதர் கூப்பிட்டால் யாருக்கும் போகத் தோன்றும்.

கேள்வி: 2012-ல் மெக்லாரனை விட்டபோதும் இதே மாதிரி திட்டினார்கள் என்று என் மாமா சொல்கிறார். அப்போது என்ன நடந்தது?
– ஒரு கல்லூரி மாணவர், கோவை

உங்கள் மாமா சரியாகச் சொல்கிறார். அந்த வாரங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் கொடி மார்ஷலாக நின்ற எங்கள் கூட்டத்தில், மதிய இடைவேளையெல்லாம் அந்தப் பேச்சுதான்.

மெக்லாரன் அவரை வளர்த்த அணி. 13 வயதில் கோ-கார்ட் ஓட்டிக்கொண்டிருந்த பையனை 1998-ல் தன் இளம் ஓட்டுநர் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. 2008-ல் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் அவர் முதல் பட்டம் வென்றதும் அங்கேதான். 2012-ல் வேகமான கார்களில் ஒன்று அவர்களுடையது. ஆனால் அடிக்கடி ஏதாவது பழுதாகும். செப்டம்பர் 23 அன்று சிங்கப்பூரில் முன்னிலையில் போய்க்கொண்டிருந்தவருக்கு கியர்பாக்ஸ் செத்தது. ஐந்தே நாளில், 28-ம் தேதி, மெர்சிடீஸுக்குப் போகிறார் என்ற அறிவிப்பு வந்துவிட்டது.

அப்போது மெர்சிடீஸ் எப்படிப்பட்ட அணி? 2010-ல் திரும்பி வந்ததிலிருந்து ஒரே ஒரு வெற்றி, அதுவும் சீனாவில் ரோஸ்பெர்க் வாங்கிக் கொடுத்தது. ஷூமாக்கரே மூன்று வருடம் போராடிவிட்டு விலகுகிறார், அவர் இடத்துக்கு இவர் போகிறார். பைத்தியக்காரத்தனம் என்று எழுதாத பத்திரிகை குறைவு.

ஹாமில்டனுக்கு மெர்சிடீஸ் தரப்பில் நிக்கி லௌடாவும் ராஸ் பிரானும் எடுத்துச் சொன்னது இன்னொரு கதை. 2014-ல் விதி மாறுகிறது. 2.4 லிட்டர் வி8 போய் 1.6 லிட்டர் டர்போ ஹைப்ரிட் வருகிறது. இன்ஜினைத் தானே செய்கிற அணிக்குத்தான் அது லாபம். மெக்லாரன் இன்ஜினை விலைக்கு வாங்குகிற அணி, அதுவும் மெர்சிடீஸிடமிருந்து! மெர்சிடீஸின் பிரிக்ஸ்வொர்த் தொழிற்சாலையில் அந்தப் புது இன்ஜின் வேலை முன்கூட்டியே நடந்துகொண்டிருந்தது.

அப்புறம் நடந்ததைச் சொல்லவே வேண்டாம். 2014-ல் 19 ரேஸில் 16 மெர்சிடீஸுக்கு. மெக்லாரன் 2012 பிரேசிலில் ஜெயித்த பிறகு அடுத்த வெற்றிக்கு 2021 மொன்ஸா வரை காத்திருந்தது.

கோவைக்காரரான உங்களுக்கு ஒரு செய்தி. மெக்லாரனில் ஹாமில்டனின் கடைசி வெற்றி 2012 நவம்பரில், ஆஸ்டினில். முன்னால் போன வெட்டல், ஒரு சுற்று பின்தங்கியிருந்த உங்கள் ஊர் நரேன் கார்த்திகேயனைத் தாண்டுவதில் கொஞ்சம் நேரம் இழந்தார். அந்த இடைவெளியில்தான் ஹாமில்டன் நெருங்கி முந்தினார்.

கேள்வி: ஏழு பட்டம் வாங்கிய டிரைவருக்கு கார் மாறினால் என்ன? ஸ்டீயரிங் ஸ்டீயரிங்தானே?
– ஒரு வாசகர், சிவகாசி

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. இதைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

2007-ல் முதல் ரேஸிலிருந்து 2024 முடியும் வரை ஹாமில்டன் ஓட்டிய அத்தனை ஃபார்முலா 1 கார்களிலும் இருந்தது மெர்சிடீஸ் இன்ஜின். மெக்லாரனிலும் அதேதான். 18 சீசன்! 2025-ல்தான் முதல்முறையாக வேறு இன்ஜின். ஃபெராரியில் வளைவில் காரைத் திருப்ப இன்ஜின் பிரேக்கிங்கை (ஆக்ஸிலரேட்டரை விட்டதும் இன்ஜினே வேகத்தைக் குறைப்பது) நிறையப் பயன்படுத்துகிறார்கள், தான் அப்படி ஓட்டிப் பழகியதே இல்லை என்று அவரே சொன்னார். பிரேக் டிஸ்க்கும் வேறு. அவர் காலம் காலமாகப் பயன்படுத்தியது கார்பன் இண்டஸ்ட்ரி நிறுவனத்துடையது, ஃபெராரியில் பிரெம்போ நிறுவனத்துடையது. வேறொருவர் பைக்கை எடுத்தால் முதல் சிக்னலில் நாம் எவ்வளவு தடுமாறுகிறோம்? அவர் 300 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பிரேக்கை மிதிக்கிறார். கடைசி ஐந்து மீட்டரில்தான் ஜாம்பவானும் மற்றவரும் பிரிகிறார்கள். ஹாமில்டன் பெயர் வாங்கியதே அந்த ஐந்து மீட்டரில்தான்.

இவ்வளவும் இரும்பும் கார்பனும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது காதில் கேட்கிற குரல். பீட்டர் போனிங்டன், 'போனோ', மெர்சிடீஸில் 2013 முதல் அவரோடு ரேடியோவில் பேசி வழிநடத்திய ரேஸ் இன்ஜினியர். அவர் கூட வரவில்லை, மெர்சிடீஸிலேயே இருந்துவிட்டார். ஃபெராரியில் 2025-ல் கிடைத்தவர் ரிக்கார்டோ அடாமி, வெட்டலுக்கும் சைன்ஸுக்கும் இன்ஜினியராக இருந்த அனுபவசாலி. ஆனால் எந்த நேரத்தில் பேச வேண்டும், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது அனுபவத்தால் மட்டும் வராது. அந்த ஒரு டிரைவரோடு சேர்ந்து வர வேண்டும். மயாமியில் அணி முடிவெடுக்க நேரம் ஆக்கியபோது, 'அப்படியே டீ குடித்துவிட்டு வாருங்கள்' என்று ஹாமில்டன் ரேடியோவில் வெடித்ததைக் கேட்டோமே, அந்தப் பழக்கம் அப்போது கூடிவரவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

கேள்வி: 2025 முழுக்க ஒரு போடியம்கூட இல்லை. இது தோல்வி என்று ஒப்புக்கொள்கிறீர்களா?
– ஒரு வாசகர், மதுரை

2025 தோல்விதான். 24 ரேஸில் முதல் மூன்று இடங்களுக்குள் ஒருமுறைகூட வரவில்லை. அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு சீசன் அதற்கு முன் இல்லை. அதே அணியின் இன்னொரு டிரைவர் லெக்லெர் 242 புள்ளி, இவர் 156. சீனாவில் சனிக்கிழமை நடந்த குறுகிய ஸ்பிரின்ட் ரேஸை ஜெயித்து எங்களையெல்லாம் துள்ளவைத்தார். மறுநாள் பிரதான ரேஸில் காரின் அடிப்பலகை அளவுக்கு மேல் தேய்ந்திருந்ததாகத் தகுதி நீக்கம். ஹங்கேரியில் லெக்லெர் முதலிடத்தில் தகுதி பெற, இவர் 12-வது. தன்னால் பயனில்லை, அணி டிரைவரை மாற்ற வேண்டும் என்று தன் வாயாலேயே சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு மனசு கனத்துவிட்டது.

ஆனால் முடிவே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வருடம் ஃபெராரி ஒரு பிரதான ரேஸ்கூட ஜெயிக்கவில்லை. ஏப்ரல் முடிவதற்குள் அந்தக் காரின் ஏரோ வேலையை (காற்றைக் கிழித்துப் போக உடலமைப்பைச் செதுக்கும் வேலை) நிறுத்திவிட்டு 2026 காருக்குத் திரும்பிவிட்டார்கள். 2026-ல் மறுபடி விதி மாற்றம், காரின் மொத்த சக்தியில் ஏறக்குறைய பாதி மின்சக்தி. 2012-ல் அவர் போட்ட கணக்குதான் இதுவும்.

என் கவலை ஆட்களைப் பற்றியது. டிரைவர் அணி மாறும்போது அவருக்குக் கிடைப்பது அந்த வருடக் கார் இல்லை, அடுத்த இரண்டு மூன்று வருடத்துக் காரைச் செய்யப் போகிற மனிதர்கள். ஷூமாக்கர் 1996-ல் ஃபெராரிக்குப் போனபோது அவர்கள் டிரைவர் பட்டம் வாங்கி 17 வருடம் ஆகியிருந்தது. அவருடைய முந்தைய அணியான பெனட்டனிலிருந்து, அங்கே அவருக்குக் கார் செய்த ராஸ் பிரானும் ரோரி பைர்னும் பின்னாலேயே வந்தார்கள். அப்படி இருந்தும் அவருடைய முதல் ஃபெராரி பட்டம் 2000-ல்தான் வந்தது, அதாவது ஐந்தாவது வருடத்தில். அலோன்சோவும் வெட்டலும் அப்படிக் கூட்டமாகப் போகவில்லை. ஜெயித்தார்கள், பட்டம் கிடைக்கவில்லை. ஹாமில்டன் முற்றிலும் தனியாகப் போனார் என்று சொல்ல முடியாது, மெர்சிடீஸிலிருந்து கார் பொறியாளர் லோயிக் செர்ரா 2024 அக்டோபரில் ஃபெராரிக்கு வந்துவிட்டார். அந்த ஒருவர் போதுமா என்பதுதான் கேள்வி. ஷூமாக்கர் போனது 27 வயதில், ஐந்து வருடம் காத்திருக்க அவருக்கு நேரம் இருந்தது. ஹாமில்டன் போனது 40 வயதில். இரண்டு வருடம் முன்னதாகப் போயிருக்கலாம் என்பதுதான் என் ஒரே ஆதங்கம்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு. எனக்கு ஹாமில்டன், அண்ணனுக்கு மெர்சிடீஸ். முன்பு சேர்ந்து பார்ப்போம், இப்போது வீட்டில் சண்டை. நான் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் மாமா?
– ஒரு மாணவி, தஞ்சாவூர்

நீ ஹாமில்டன் பக்கமே இரும்மா, அதில் தப்பே இல்லை. ஆனால் அண்ணனோடு உட்கார்ந்தே பார். மெர்சிடீஸில் ஹாமில்டன் இடத்துக்கு வந்த கிமி அன்டோனெல்லிக்கு அப்போது வயது 18, அண்ணன் ரசிக்க அவனிடமும் நிறைய இருக்கிறது. சனிக்கிழமை தகுதிச் சுற்றில் இருவரும் ஒரு வேலை செய்யுங்கள். ஹாமில்டனும் லெக்லெரும் ஒரே வளைவுக்கு வரும்போது யார் முதலில் பிரேக் பிடிக்கிறார்கள் என்று காருக்குள் இருக்கும் கேமராவில் கவனித்து நோட்டில் எழுதுங்கள். மூன்று நான்கு ரேஸுக்கு எழுதி எனக்கு அனுப்பினால், அதை வைத்தே இந்தப் பகுதியில் ஒரு பதில் எழுதுகிறேன்.