சம்பளப் பட்டியலில் நிற்கும் ராணுவம்

அன்புள்ள ஐயா,

கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் படிப்புக் குழுவில் போன வாரம் இலங்கை ராணுவச் செலவு பற்றி ஒரு சண்டை. ஒரு நண்பன் வாட்ஸப்பில் ஒரு வரைபடம் போட்டான். போர் முடிந்த 2009க்குப் பிறகும் செலவு ஏறிக்கொண்டே போகிறது. இன்னொருவன் வேறொன்று போட்டான், அதில் கோடு சரசரவென்று இறங்குகிறது. நம்பகமான இடத்திலிருந்துதான் எடுத்தோம் என்று இரண்டு பேருமே சத்தியம் செய்கிறார்கள். எது சரி? சண்டையே இல்லாத நாட்டுக்கு எதற்கு இவ்வளவு பெரிய ராணுவம்? கோஸ்டா ரிக்கா மாதிரி கலைத்துவிட்டால் என்ன?

பெயர் போட வேண்டாம். படிக்காமல் இதைப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று வீட்டில் தெரிந்தால் வம்பு.

ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

இரண்டு படமும் சரி. இடது ஓரத்தில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று உங்கள் நண்பர்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஏறுகிற படம் இலங்கை ரூபாய்க் கணக்காக இருக்கும். இறங்குகிற படம், நாட்டின் மொத்த உற்பத்தியில் செலவு எத்தனை விழுக்காடு என்ற கணக்கு.

ரூபாயில் பாருங்கள். 2009க்கு இலங்கை அரசு பாதுகாப்புக்கு ஒதுக்கியது 17,700 கோடி. 2023க்குப் பாதுகாப்பு அமைச்சுக்கு 41,000 கோடி. இரண்டேகால் மடங்குக்கு மேல். அடேயப்பா என்று தோன்றும். ஆனால் 2009இல் ஒரு டாலர் அங்கே சுமார் 115 ரூபாய். 2023 பட்ஜெட்டைப் படித்த நேரத்தில் அது 360ஐத் தாண்டிவிட்டது. டாலராக மாற்றினால் பழைய தொகை 150 கோடி டாலருக்குச் சற்று மேல், புதிய தொகை 115 கோடிக்கும் கீழே. ரூபாயில் ஏறியது டாலரில் இறங்கிவிட்டது.

உற்பத்திக் கணக்கில் இறக்கம் இன்னும் செங்குத்து. தொண்ணூறுகளின் நடுவில், சண்டை உச்சத்தில் இருந்தபோது, ஐந்து விழுக்காட்டை ஒட்டி இருந்தது. இப்போது இரண்டுக்கும் கீழே. ராணுவம் சுருங்கியதால் வந்த இறக்கம் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. போருக்குப் பின் சில ஆண்டுகள் பொருளாதாரம் வேகமாக வளர்ந்தது. கீழே இருக்கிற எண், அதாவது மொத்த உற்பத்தி, பெரிதானால் விழுக்காடு தானாகக் குறையும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எந்தத் துறை எந்த அமைச்சின் கீழ் வருகிறது என்பது அங்கே ஆட்சிக்கு ஆட்சி மாறும். 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபையையே பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுபோனார்கள். நம்மூரில் சி.எம்.டி.ஏ.வை ராணுவத்திடம் கொடுத்த மாதிரி. 2023இல் போலீஸ் வரும் பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சையும் சேர்த்தால் 41,000 கோடி 53,900 கோடியாகிவிடும். அதனால் இரண்டு வருடங்களை ஒப்பிடும்போது உள்ளே எது எது இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் நம்புவது இந்த மூன்றையும் விட வேறொரு கணக்கை. அரசு கையில் வரும் காசில் எவ்வளவு போகிறது? 2022இல் இலங்கையில் நூறு ரூபாய் உற்பத்தியில் அரசுக்கு வருமானமாக வந்தது எட்டு ரூபாய் சொச்சம். உலகத்திலேயே மிகக் குறைந்த விகிதங்களில் ஒன்று. அந்த எட்டில் ஒன்றரை ரூபாய்க்கு மேல் ராணுவத்துக்கு. ஐந்தில் ஒரு பங்கு ஆயிற்றே! அந்த வருடம் ஏப்ரல் 12ஆம் தேதிதான் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அந்த நிலைமையில் போட்ட அடுத்த பட்ஜெட்டில் சுகாதாரத்துக்கு 32,200 கோடி, கல்விக்கு 23,200 கோடி. பாதுகாப்புக்கு எவ்வளவு என்று மேலே சொல்லிவிட்டேன்.

சரி, இந்தப் பணம் எங்கே போகிறது? ஏவுகணையும் விமானமும் வாங்குகிறார்கள் என்று நினைத்தால் தப்பு. 2025க்குப் பாதுகாப்பு அமைச்சுக்கு ஒதுக்கிய 44,200 கோடியில் 38,000 கோடிக்கு மேல் 'மீண்டெழும் செலவினம்'. இலங்கைத் தமிழில் அப்படித்தான் சொல்கிறார்கள், எனக்குப் பிடித்த சொல். சம்பளம், சாப்பாடு, சீருடை, டீசல் என்று வருஷா வருஷம் திரும்பத் திரும்ப எழுந்து நிற்கிற செலவு. சிங்கப்பூரும் குட்டி நாடுதான், உற்பத்தியில் மூன்று விழுக்காடு அளவுக்குச் செலவழிக்கிறது. ஆனால் அங்கே வாலிபர்கள் இரண்டு வருடம் கட்டாயச் சேவை செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மிச்சப்படும் காசில் எஃப்-35 விமானம் வாங்குகிறார்கள். இலங்கை ராணுவம் என்பது முதலில் ஒரு சம்பளப் பட்டியல்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதைவிட எங்கள் வீட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். அப்பா சென்னை ஹார்பரில் பதிவு பெற்ற கூலித் தொழிலாளி. மூட்டையைக் குத்தித் தூக்குகிற இரும்புக் கொக்கி ஒன்று வைத்திருந்தார். மரக் கைப்பிடி அவர் உள்ளங்கை அளவுக்குத் தேய்ந்து பள்ளமாகியிருக்கும். கப்பல் வந்தால் உர மூட்டை, கோதுமை மூட்டை. கப்பல் வராத நாளிலும் ராயபுரத்திலிருந்து நடந்து போய் அட்டையைக் காட்டிப் பதிவு போட்டுவிட்டு வந்தால் அட்டெண்டன்ஸ் காசு உண்டு. "கடல்ல கப்பல் இல்ல, பானையில அரிசி இருக்கு" என்பார் அம்மா. 1983 டிசம்பரில் ஹார்பரில் கன்டெய்னர் முனையம் திறந்தார்கள். ஒரு கேங் நாள் முழுக்கத் தூக்குவதை கிரேன் ஒரே தூக்கில் தூக்கிவிடும். ஆனால் ஒரே நாளில் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை, அனுப்பவும் முடியாது. ஓய்வு பெற்றவர்களின் இடத்தை நிரப்பாமல் விட்டார்கள். அப்புறம் விருப்ப ஓய்வு என்று கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். பட்டியல் கரைய இருபது, இருபத்தைந்து வருடம் ஆனது. கொக்கி இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது, சாவி மாட்ட வசதியாக இருக்கிறது.

அதே 1983இல், இங்கே ஆட்கள் கரையத் தொடங்கிய நேரத்தில், அங்கே பெருகத் தொடங்கினார்கள். தமிழர்களுக்கு எதிரான ஜூலைக் கலவரத்துக்கு முன் இலங்கைத் தரைப்படையில் இருபதாயிரம் பேர்கூடக் கிடையாது. போர் முடிந்தபோது இரண்டு லட்சத்துக்கு வந்துவிட்டது. முடிந்த பிறகும் நிற்கவில்லை. உலக வங்கிக் கணக்குப்படி முப்படைகளும் துணைப் படைகளும் சேர்ந்து உச்சத்தைத் தொட்டது 2017 முதல் 2019 வரை, 3,17,000 பேர். போர் முடிந்து எட்டு, பத்து வருடம் கழித்து! 2023 தொடக்கத்தில் தரைப்படையில் மட்டும் 2,00,783 பேர் என்று அரசே சொன்னது. அன்றைக்கு பிரிட்டனின் நிரந்தரத் தரைப்படை எண்பதாயிரத்துக்கும் குறைவு.

ஏன் குறைக்கவில்லை என்று கேட்கிறீர்கள். எதிரி யார் என்று தேடினால் விடை கிடைக்காது. தெற்கிலும் உலர் பிரதேசத்திலும் இருக்கும் ஏழைச் சிங்களக் கிராமங்களில் நிரந்தரச் சம்பளமும் பென்ஷனும் தருகிற வேலை ராணுவம்தான். அந்தச் சம்பளத்தை வைத்து வட்டிக்கு வாங்கி வீடு கட்டியிருப்பார்கள், தங்கை கல்யாணத்தை முடித்திருப்பார்கள். அதில் கை வைக்கிற அரசியல்வாதிக்கு ஓட்டு விழுமா? அதனால் ஆளை வைத்துக்கொண்டு வேலையைத் தேடினார்கள். தரைப்படை ஓட்டல் நடத்துகிறது. கடற்படை சுற்றுலாப் பயணிகளுக்குத் திமிங்கிலம் காட்டியது. வன்னியில் பண்ணை வைத்துக் காய்கறி பயிரிட்டார்கள். கூலி ஏற்கெனவே சம்பளமாகப் போய்விட்டதால் அவர்களால் மலிவாக விற்க முடிகிறது, பக்கத்துத் தமிழ் விவசாயியால் முடியாது என்பது அங்கே பழைய புகார்.

இங்கேதான் அப்பாவின் கதையும் இந்தக் கதையும் பிரிகின்றன. வேலையில்லாத நாளில் அப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வேலையில்லாத சிப்பாய் இன்னொருவர் நிலத்தில் நிற்கிறான்.

புழல் காவாங்கரை இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் ஒரு பெரியவரைக் காசிமேட்டில் அடிக்கடி பார்ப்பேன். கரையேற்றிய விசைப்படகுகளுக்கு பெயிண்ட் அடிக்க வருவார். எழுபதைத் தாண்டியவர். படகின் அடிப்பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பார், சொரசொரப்பு போய்விட்டதா என்று. சொந்த ஊர் மயிலிட்டி. யாழ்ப்பாணத்துக்கு வடக்கே, மீனுக்குப் பேர்போன இடம். 1990இல் அந்த ஊரே காலி ஆனது, பலாலி ராணுவ முகாமைச் சுற்றி, பொதுமக்கள் நுழைய முடியாத உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. 27 வருடம் கழித்து, 2017 ஜூலையில், மயிலிட்டித் துறைமுகத்தையும் சுற்றி 54 ஏக்கரையும் ராணுவம் திருப்பிக் கொடுத்தது. நான் அதைப் பேப்பரில் படித்துவிட்டு உற்சாகமாக அவரிடம் ஓடினேன். "துறைமுகத்தை விட்டிட்டாங்கள் தம்பி. என்ர வளவு இன்னும் கம்பிக்கு அங்காலதான் கிடக்கு" என்றார். வளவு என்றால் வீடும் அதைச் சுற்றிய நிலமும்.

உங்கள் கடிதம் வந்ததும் அவரிடம் இந்த விழுக்காட்டுக் கணக்கை எல்லாம் சொன்னேன். பிரஷ்ஷை டப்பா விளிம்பில் வழித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அந்த ரெண்டு வீதத்துக்குள்ள என்ர கிணறும் வருமோ?" என்றார். வராது. ஒதுக்கீட்டில் சம்பளம் வரும், டீசல் வரும். வாடகை இல்லாமல் எடுத்துக்கொண்ட காணியும், அதில் நடக்காமல் போன வெங்காயச் செய்கையும், இறங்காமல் போன வள்ளங்களும் எந்த வரியிலும் வராது. உங்கள் நண்பர்களின் இரண்டு படத்திலும் நான் குறையாகப் பார்ப்பது இதைத்தான்.

குறைக்கும் பேச்சு இப்போது நடக்கிறது. தரைப்படையை 2024க்குள் 1,35,000 ஆகவும் 2030க்குள் ஒரு லட்சமாகவும் ஆக்கப்போவதாக 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். நெருக்கடியில் பிறந்த முடிவு. செய்கிற விதம் நம் ஹார்பர் விதம்தான், போனவர் இடத்தை நிரப்பாமல் விடுவது. சொல்லாமல் ஓடிப்போனவர்களுக்கு 2024இல் பொதுமன்னிப்பு கொடுத்ததில் 15,000 பேருக்கு மேல் முறைப்படி விலகினார்கள். அவர்கள் முகாமில் இல்லாமலே பெயரளவில் பட்டியலில் இருந்தவர்கள் என்பதையும் கவனியுங்கள்.

கடைசிக் கேள்வி, கோஸ்டா ரிக்கா. 1948இல் உள்நாட்டுப் போரில் ஜெயித்த ஹோசே ஃபிகேரஸ், அந்த வருடம் டிசம்பர் 1ஆம் தேதி பெயாவிஸ்டா என்ற படைமுகாமின் சுவரைச் சம்மட்டியால் அடித்துக் காட்டி ராணுவத்தைக் கலைத்தார். அடுத்த வருடம் அது அரசியல் சாசனத்திலேயே ஏறியது. அந்த முகாம் இன்றைக்கு தேசிய அருங்காட்சியகம். அழகான கதை, நானும் அதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் கலைத்தது ஒரு சின்னப் படையை. சம்மட்டியை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனால் இரண்டு லட்சம் குடும்பம் வாசலில் நிற்கும். விலகுகிறவனுக்கு என்ன வேலை என்று யோசிக்காமல் இதைச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி வந்துவிட்டது. துப்பாக்கி பிடிக்க மட்டுமே தெரிந்த முன்னாள் இலங்கைச் சிப்பாய்கள், நல்ல சம்பளம் என்று தரகர்கள் சொன்னதை நம்பி, ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் சண்டைக்குப் போனார்கள். குறைந்தது 16 பேர் அங்கே செத்துப்போனதாக 2024 மே மாதம் இலங்கை அரசே ஒப்புக்கொண்டது.

அன்புடன்,
ராயபுரத்திலிருந்து