குளிர்கால வானில் தெரியும் கோள்களை செயலி இல்லாமல் அடையாளம் காண முடியுமா?

முடியும். செயலி வேண்டாம் என்று சொல்லவில்லை, என் போனிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் அதன் திசைகாட்டி பாதி நாள் தெற்கை மேற்கு என்று காட்டும், மொட்டை மாடியில் நின்று போனை எட்டு போடுகிற மாதிரி சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நான் இப்போதெல்லாம் பார்ப்பது பஞ்சாங்கத்தைத்தான். ஜோசியத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆனால் மாதப் பிறப்புக்குப் போட்டிருக்கும் அந்த ராசிக் கட்டம் ஒரு வான வரைபடம், நாம்தான் அதை அப்படிப் படிப்பதில்லை.

கட்டத்தில் சூரியன் எங்கே என்று முதலில் பாருங்கள். அந்த வீட்டை ஒன்று என்று வைத்து வலமாக, கடிகார முள் சுற்றுகிற பக்கமாக எண்ணுங்கள். பொழுது சாயும்போது ஒன்றாம் வீடு மேற்கு அடிவானத்தில் இருக்கும், அதனால் இரண்டு மூன்றில் உள்ள கிரகம் மேற்கே தெரியும், நாலு ஐந்தில் இருப்பது உச்சியை ஒட்டி, ஏழில் இருப்பது அப்போதுதான் கிழக்கே எழும். பதினொன்று பன்னிரண்டு என்றால் அலாரம் வைத்து விடியற்காலையில் பார்க்க வேண்டியதுதான். ஒரு வீடு 30 பாகை, வானத்தில் அது சுமார் 2 மணி நேரம். சூரியனோடு ஒரே வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் தேடாதீர்கள், வெளிச்சத்தில் மூழ்கியிருக்கும், 'அஸ்தங்கம்' என்று பஞ்சாங்கமே சொல்லிவிடும். ராகு, கேதுவையும் விட்டுவிடுங்கள். அவை நிலாவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள், அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

2025 பொங்கல் சமயத்தில் இதைச் சோதித்துப் பார்த்தேன். சூரியன் மகரம், சுக்கிரனும் (அதாவது வெள்ளி) சனியும் கும்பம், குரு (வியாழன்) ரிஷபம், செவ்வாய் கடகம். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு ஏழு மணிக்கு மாடி ஏறினால், மேற்கே வெள்ளி கண்ணைப் பறிக்கிறது, பக்கத்திலேயே மங்கலாக, கொஞ்சம் மஞ்சளாக சனி. உச்சிக்குப் பக்கத்தில் வியாழன். கிழக்கே தென்னை மட்டைக்கு நடுவில் செம்மண் நிறத்தில் செவ்வாய். துணி எடுக்க வந்த அம்மா வெள்ளியைப் பார்த்துவிட்டு, "இதென்னடா, சாயங்காலமே விடிவெள்ளி வந்துடுச்சு?" என்றார். அதே வெள்ளிதான், சில மாதங்கள் மாலையில், சில மாதங்கள் விடியலில்.

அந்த ஜனவரி 16 அன்று செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிரே இருந்தது, 12-ஆம் தேதி நமக்கு மிக அருகில், சுமார் 9.6 கோடி கிலோமீட்டரில். அப்படி வருவது ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒரு முறைதான். அடுத்த ஆண்டு, 2026 ஜனவரி 10 வாக்கில், சூரியன், சுக்கிரன், செவ்வாய் மூன்றும் தனுசில், அதனால் வெள்ளியும் செவ்வாயும் கண்ணில் படவே இல்லை. குரு மட்டும் எதிரே மிதுனத்தில், ராத்திரி முழுக்க ராஜாவாக இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் (வ) என்று வக்கிரம் போட்டிருந்தால் பயப்படாதீர்கள், செவ்வாய், குரு, சனிக்கு அதுதான் நம் பக்கம் நெருங்கி வந்து நன்றாக ஒளிரும் காலம். பூமி உள்வட்டத்தில் முந்திப் போவதால் அவை பின்னால் போவது மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான்.

நட்சத்திரம் மினுக்கும், கோள் மினுக்காது என்பது ஓரளவு சரி. அடிவானத்தை ஒட்டி இருந்தால் கோளும் நடுங்கும். குளிர்காலத்தில் பலரும் ஏமாறுவது இரண்டு இடத்தில். ரோகிணியும் திருவாதிரையும் செவ்வாய் மாதிரியே சிவப்பு, அப்புறம் கிழக்கே பச்சையும் சிவப்புமாக வெட்டி வெட்டி அடிக்கும் சிரியஸ் நட்சத்திரம். கட்டத்தில் செவ்வாய் அந்தப் பக்கம் இல்லையென்றால் அது செவ்வாய் இல்லை.

டெலஸ்கோப் உடனே வாங்காதீர்கள். நான் அவசரப்பட்டு வாங்கியதன் முக்காலி, மூச்சு விட்டாலே ஆடும், இப்போது பரணில் கிடக்கிறது. 10x50 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 50 மி.மீ.) போதும், முழங்கையை மாடிச் சுவரில் ஊன்றிக்கொண்டு வியாழனைப் பாருங்கள், ஒட்டி ஒரே கோட்டில் மூன்று நான்கு புள்ளிகள் தெரியும், அதன் நிலாக்கள். மறுநாள் அதே நேரத்தில் பார்த்தால் இடம் மாறியிருக்கும், உள்ளே இருப்பது ஒரு சுற்று வர 42 மணி நேரம்தான் ஆகிறது. சனியின் வளையம் மட்டும் பைனாகுலரில் தெரியாது, அதற்கு டெலஸ்கோப்பும் உறுதியான முக்காலியும் வேண்டும்.