சிடி எழுதும்போது ‘அனுமதி மறுக்கப்பட்டது’: லினக்ஸ் கேள்வி-பதில்

பெங்களூரு வாசகர்களிடமிருந்து சிடி எழுதுவது பற்றி இன்னும் கேள்விகள் வருகின்றன. பிழைச் செய்தியைப் பார்த்ததுமே சூடோ (கட்டளையை நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டுவது) போடுவது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. தடுத்தது யார் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் சூடோவே தேவைப்படாது.

காலி சிடியை டிரைவில் வைத்து, லாக்அவுட் செய்துவிட்டு ஒயிட்ஃபீல்டு ஆபீஸுக்குப் போகிறேன். அங்கிருந்து, நெட்வொர்க் மூலம் லாகின் செய்யும் எஸ்எஸ்எச் வழியாக பேக்கப் எழுதச் சொன்னால் அனுமதி இல்லை என்கிறது. வீட்டில் உட்கார்ந்து எழுதினால் எழுதுகிறது. ஏன் சார்? (அல்சூர்)

யூசர் ஒருவர்தான், ஆனால் லாகின் வேறு. திரைக்கு முன்னால் லாகின் செய்தவருக்கு லாகின்களைக் கவனிக்கும் சிஸ்டம்டி-லாகின்டி சேவை டிரைவின் மேல் தற்காலிக அனுமதி தருகிறது. லாக்அவுட் செய்ததும் அது போய்விடும். எஸ்எஸ்எச் வழியாக நுழைபவருக்கு அது கிடைக்காது.

வீட்டில் லாகின் செய்திருக்கும்போது ‘எல்எஸ் -எல் /டெவ்/எஸ்ஆர்0’ கொடுத்துப் பாருங்கள் (எஸ்ஆர்0 என்பது சிடி டிரைவ்). அனுமதி எழுத்துகளின் கடைசியில் ஒரு கூட்டல் குறி இருக்கும். அதுதான் அந்தத் தற்காலிக அனுமதி. அது யார் பெயரில் இருக்கிறது என்று கெட்எஃப்ஏசிஎல் கட்டளை காட்டும். எல்எஸ் காட்டிய அதே வரியில் ரூட் (நிர்வாகி), சிடிராம் என்று இரண்டு பெயர்கள் இருக்கும். முதலாவது உரிமையாளர், இரண்டாவது குழு. உபுண்டு, டெபியனில் குழுவின் பெயர் சிடிராம், ஆர்ச்சில் ஆப்டிகல். அந்தக் குழுவில் சேர்ந்துவிட்டால் எங்கிருந்து நுழைந்தாலும், இரவில், குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரான் வழியாக ஓட்டினாலும் டிரைவைத் திறக்கலாம். யூசர்மாட் கட்டளையில் சின்ன ஏ, பெரிய ஜி இரண்டையும் போட்டு, குழுவின் பெயர், அப்புறம் உங்கள் யூசர் பெயர். இதற்கு மட்டும் ஒருமுறை சூடோ வேண்டும்.

குழுவில் சேர்த்துவிட்டேன். அதே பிழைதான் வருகிறது. (ராமமூர்த்தி நகர்)

எந்தக் குழுக்களில் இருக்கிறீர்கள் என்று காட்டும் ஐடி கட்டளையை மட்டும் அடித்துப் பாருங்கள், பிறகு ஐடி-யோடு உங்கள் பெயரையும் சேர்த்து அடியுங்கள். இரண்டாவதில் சிடிராம் இருந்து முதலாவதில் இல்லையென்றால், இப்போதைய லாகின் பழைய பட்டியலையே வைத்திருக்கிறது. டெர்மினலை மூடித் திறப்பது போதாது. முழுதாக லாக்அவுட் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் இன்னும் நிச்சயம்.

பெரிய ஜி மட்டும் போட்டு யூசர்மாட் கொடுத்தேன். ரீஸ்டார்ட் செய்தபின் சூடோ வேலை செய்யவில்லை. (ஸ்ரீராமபுரம்)

பயப்படாதீர்கள், சரிசெய்துவிடலாம். சின்ன ஏ இல்லையென்றால், கொடுத்த குழுவை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற கூடுதல் குழுக்களிலிருந்து உங்களை நீக்கிவிடும். சூடோ குழுவும் அப்படித்தான் போயிருக்கிறது. உபுண்டு என்றால் பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் ரெகவரி மோடுக்குப் போய் ரூட் ஷெல்லைத் திறங்கள். ரூட் பார்ட்டிஷன் படிக்க மட்டும் திறந்திருந்தால், எழுதும்படி ரீமவுண்ட் செய்துவிட்டு, சூடோ, சிடிராம் இரண்டிலும் இந்த முறை சின்ன ஏ-வோடு சேர்த்துவிடுங்கள்.

ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் டிரைவுக்கு 666 அனுமதி கொடுத்தேன். ரீஸ்டார்ட் செய்தால் காணாமல் போகிறது. அதனால் சிடி எழுதும் கே3பி-யை சூடோவில்தான் திறக்கிறேன். (சிவாஜி நகர்)

இரண்டையும் விட்டுவிடுங்கள். டெவ்-இல் இருக்கும் டிவைஸ் கோப்புகள் பூட் ஆகும்போதெல்லாம் புதிதாக உருவாகின்றன. அனுமதியை, டிவைஸ்களைக் கவனிக்கும் யூடெவ் தன் விதிப்படிதான் வைக்கும். அதோடு 666 என்றால் அந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் எந்த புரோகிராமும் டிரைவில் எழுதலாம் என்று பொருள்.

சூடோவில் கே3பி-யைத் திறப்பது இன்னொரு சிக்கல். உங்கள் ஹோம் அடைவில் அதன் செட்டிங் கோப்புகள் ரூட்டின் பெயருக்கு மாறிவிடலாம். பிறகு சாதாரணமாகத் திறந்தால் புதுப்புதுப் பிழைகள் வரும். ஹோமுக்குள் ரூட்டின் பெயரில் எவையெல்லாம் இருக்கின்றன என்று தேடி, சிஎச்ஓன் கட்டளையைக் கொண்டு உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பிறகு சிடிராம் குழு வழிக்கு வாருங்கள். கல்யாண ஆல்பங்கள் இருக்கும் கம்ப்யூட்டரில் தினமும் ரூட்டாக வேலை செய்யாதீர்கள். ஒரு தவறான கிளிக் போதும்.

சிடி எழுதும் வோடிம் புரோகிராம் ‘ஆர்லிமிட்_மெம்லாக் வரம்பை உயர்த்த முடியவில்லை’ என்கிறது. (இந்திரா நகர்)

அது எச்சரிக்கை மட்டுமே. மெமரியைப் பூட்டி வைத்துக்கொள்ள அனுமதி கிடைக்கவில்லை. பெரும்பாலும் சிடி எழுதப்பட்டுவிடும். எழுதும்போது வேறு கனமான வேலை கொடுக்காதீர்கள்.

‘டிவைஸ் பிஸி’ என்கிறது. இதற்கும் குழுதானா? (கே.ஆர். புரம்)

இல்லை, இதில் அனுமதிக்கு வேலையில்லை. ஏற்கெனவே எழுதிய சிடியைப் போட்டதும் டெஸ்க்டாப் அதைத் தானாக மவுண்ட் செய்திருக்கும். யூமவுண்ட் செய்துவிட்டு எழுதுங்கள். அதற்குப் பிறகும் விடவில்லையென்றால் எந்த புரோகிராம் பிடித்திருக்கிறது என்று ஃபியூசர் கட்டளை காட்டும், அதை மூடுங்கள்.