பரணில் கிடைத்த 16 எம்.எம். டிராக்டர் விளம்பரப் படங்களை ஓட்டிப் பார்க்கலாமா?

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் வீட்டுப் பரணில் ஆறு ரீல்கள் கிடைத்தன. தாத்தா உழவு இயந்திர ஏஜென்டாக இருந்தபோது கம்பெனி கொடுத்த விளம்பரப் படங்கள். டப்பாவைத் திறந்தால் காடி நெடி அடிக்கிறது. புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்து ஓட்டலாமா?

பதில்: தயவுசெய்து ஓட்டாதீர்கள். நான் அப்படி ஓட்டித்தான் ஒரு படத்தை இழந்தேன்.

என் அப்பா பவர் டில்லர் விற்றவர். படிக்கட்டு வயலில் பெரிய டிராக்டர் ஏறாது, டில்லர்தான் தோது. ஊர் ஊராகப் போய், சாயங்காலம் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டுவார். அவர் காலமான பிறகு அந்த ரீலை ஆசையாகப் போட்டோம். ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. ஓரத்து ஓட்டைகள் கிழிந்து படம் நின்றது. விளக்குச் சூட்டில் நடுவில் பழுப்பாக ஒரு கொப்புளம் கிளம்பி, ஒரு முகம் எங்கள் கண்ணெதிரே உருகிப் போனது.

16 எம்.எம். பிலிம் 1923-இல் வந்ததே அசிடேட் என்ற ஒருவகை பிளாஸ்டிக்கில்தான். பழைய நைட்ரேட் பிலிம்போல் பற்றி எரியாது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் ஈரம் பட்டால் அசிடேட்டிலிருந்து அசிட்டிக் அமிலம் கசியும், உங்கள் டப்பாவில் அடிக்கும் காடி நெடி அதுதான். அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும், பக்கத்து ரீலுக்கும் பரவும். நம் மலைக் குளிர் பிலிமுக்கு நல்லதுதான். கெடுப்பது ஐப்பசி, கார்த்திகை ஈரம்.

முதலில் நெடி அடிப்பவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். துருப்பிடித்த டப்பாவை மாற்றுங்கள், ஆனால் அதில் ஒட்டிய சீட்டு, உள்ளே கிடக்கும் காகிதம் எதையும் எறியாதீர்கள். படத்தில் பேர் இல்லாவிட்டால் அதுதான் ஆதாரம். அப்புறம் ஒரு ஸ்கேலை வைத்து நூறு பிரேம்களை அளந்து பாருங்கள். சரியான நீளம் 762 மில்லிமீட்டர். ஏழெட்டு மில்லிமீட்டர் குறைந்தாலே ஒரு சதவீதம் சுருங்கிவிட்டது, ஓரத்து ஓட்டையில் மாட்டி இழுக்கும் புரொஜெக்டர் பல் அதைக் கிழிக்கும். பூசணம் இருந்தால் தண்ணீர் தொட்டுத் துடைக்க வேண்டாம். படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் இளகிவிடும். நிறம் சிவந்து போயிருந்தாலும் கவலைப்படாதீர்கள், ஸ்கேன் செய்த பிறகு ஓரளவு மீட்கலாம்.

ஸ்கேன் கொடுக்கும்போது இவற்றைக் கேளுங்கள்: பல் இல்லாமல் உருளையில் ஓடும் ஸ்கேனரா, ஒவ்வொரு பிரேமாக எடுப்பீர்களா, ஓரத்து ஒலித் தடத்தையும் எடுப்பீர்களா என்று. சுவரில் படம் ஓட்டி வீடியோ கேமராவில் பிடித்துத் தருகிறேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். காப்பி எடுத்த பிறகும் அசலைத் தூக்கிப் போடக் கூடாது.

கம்பெனி படம்தானே, அவர்களிடம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்ற டிராக்டர் கம்பெனியின் படங்களும் ஆவணங்களும் அமெரிக்காவில் விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் பத்திரமாக உள்ளன. எல்லாக் கம்பெனிக்கும் அந்தப் பாக்கியம் இல்லை.

அப்பாவின் இன்னொரு ரீலை ஸ்கேன் செய்தேன். டில்லர் ஓடுகிறது, பின்னால் பெண்கள் கொத்தால் உருளைக்கிழங்கு தோண்டுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்ததும், "இது நம்ம மேட்டுக் காடு, இப்போ தேயிலை நிக்குதே" என்றார். அந்தப் பெண்களில் நான்கு பேரைப் பேர் சொல்லி அடையாளம் காட்டினார். உங்கள் காப்பி வந்ததும் ஊர்ப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள், அவர்கள் சொல்வதை அப்போதே பதிவு செய்துகொள்ளுங்கள்.